பார்க்காமல் உறக்கம் வராதவர்களோடு போக்கர்

எங்கள் சனிக்கிழமை ஆட்டம் பெரிய ஆட்டம் இல்லை. பிளைண்ட், அதாவது சீட்டு பார்க்குமுன்னே இரண்டு பேர் முறை வைத்து நடுவில் போட்டாக வேண்டிய காசு, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். ஆளுக்கு 200 ரூபாயோடு உட்காருவோம், அது போனால் இன்னொரு 200, அதற்கு மேல் யாரும் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று இப்போது ஒரு விதி இருக்கிறது. அந்த விதி என்னால்தான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். இடம் பாளையங்கோட்டையில் மகாராஜநகர் பக்கம் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடி. ஆறு பேர். வீட்டுக்காரன் பங்கு எதுவும் எடுப்பதில்லை, டீயும் முறுக்கும் முறை வைத்து வாங்கிக்கொள்கிறோம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இங்கேயும் மேல்காற்று அடிக்கும், நடுவில் கிடக்கும் சீட்டு பறக்காமல் இருக்க அதன்மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து ஆடுவோம்.

ஆறு பேருமே ரம்மியில் வளர்ந்தவர்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் திண்ணையில் விடிய விடிய ரம்மி ஓடும் வீடுகள். போக்கருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, அதில் முதல் வருஷம் முழுக்க நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். வீடியோ பார்த்துக் கற்றதையெல்லாம் இந்த மேசையில் செய்து பார்த்ததுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. அந்த வீடியோவில் ஆடுபவர்கள் வேறு, இங்கே என் எதிரில் உட்காருபவர்கள் வேறு.

ஒரு கையைச் சொன்னால் விளங்கும். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் விழும் மூன்று ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் காசு போடலாம்; தொகையை ஏற்றினால் ரெய்ஸ், எதிராளி போட்ட அளவு கொடுத்து உள்ளே இருந்தால் கால், யாரும் போடாதபோது போடாமல் அடுத்தவருக்கு விட்டால் செக். பட்டன் என்னிடம், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம். கையில் ஏஸ், ராஜா, இரண்டும் இஸ்பேடு. 10 ரூபாய்க்கு ரெய்ஸ் செய்தேன். ஒருவர் விட்டார், நான்கு பேர் வந்தார்கள். நடுவில் 50 ரூபாய். ஃப்ளாப் 10, 6, 3, மூன்றும் மூன்று சின்னம். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எல்லோரும் செக், நான் 35 போட்டேன். மூன்று பேர் விட்டார்கள், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மட்டும் கால். டர்னில் 8 வந்தது, 70 போட்டேன், கால். ரிவரில் 2. என்னிடம் மிச்சம் இருந்தது 85 ரூபாய். நான்கு பேருக்கு நடுவே ரெய்ஸ் செய்து மூன்று தடவை விடாமல் போட்டிருக்கிறேன், இதைவிட ஒரு பெரிய ஜோடியை எப்படிச் சொல்ல முடியும் என்று நினைத்து அந்த 85-ஐயும் தள்ளினேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், கால் என்றார். திருப்பினால் 6, 5. ஆறு ஜோடி. நடுவில் இருந்த 430 ரூபாயும் அவர் பக்கம் போனது.

"ஆறு ஜோடியை வச்சுக்கிட்டு எப்படி அண்ணாச்சி கடைசி வரைக்கும் வந்தீங்க?"

"நீ என்னதான் வச்சிருக்கேன்னு பாத்துப்பிடணும்லா தம்பி. இல்லைன்னா ராத்திரி உறக்கம் வராது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இந்த ஆட்டத்தைத் திரும்ப முதலில் இருந்து யோசிக்க ஆரம்பித்தேன். அவர் சொன்னது மேசையில் பாதிப் பேருக்குப் பொருந்தும். அவர்கள் காசு கொடுப்பது ஜெயிக்க மட்டும் இல்லை, தெரிந்துகொள்ளவும் கொடுக்கிறார்கள். பார்க்காமல் விட மாட்டேன் என்பவரிடம் பிளஃப் செய்தால், அதாவது கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பதுபோலக் காட்டிப் போட்டால், அந்தக் காசை அவருக்கு மொய் எழுதியதாகத்தான் கணக்கு.

2003 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் கடைசி மேசையில் கிறிஸ் மனிமேக்கர் செய்த பிளஃபைப் பார்க்காத போக்கர்காரர்கள் குறைவு. 839 பேர் கலந்துகொண்ட போட்டி, கடைசியில் இரண்டே பேர், கணக்கர் வேலை பார்த்த மனிமேக்கரும் தொழில்முறை ஆட்டக்காரரான சாம் ஃபார்ஹாவும். ஃபார்ஹா கையில் ஒன்பது ஜோடி, மேசையில் கிடந்த ஐந்தில் ஒன்பதைவிடப் பெரிய சீட்டு இல்லை. மனிமேக்கரிடம் ஒன்றுமே இல்லை, ராஜா மட்டும். ரிவரில் எல்லாவற்றையும் தள்ளினார், ஃபார்ஹா நெடுநேரம் யோசித்து விட்டுவிட்டார். நான் அதைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். மனிமேக்கரின் துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். அந்த பிளஃப் வேலை செய்ததற்கு மறுபாதிக் காரணம் ஃபார்ஹா. விடத் தெரிந்தவர். அந்த நாற்காலியில் எங்கள் அண்ணாச்சி இருந்திருந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கால் செய்திருப்பார்.

அப்புறம் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், உறங்குமுன், அன்றைக்கு எவ்வளவு போட்டேன், எவ்வளவு எடுத்தேன், பெரிய கை இரண்டு மூன்று, யார் எதைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. என் ஆட்டத்தை மாற்றியது அந்த நோட்டுதான்.

முதலில் கண்டது, நாங்கள் யாருமே ஸ்கூட் விடுவதில்லை, அதாவது சீட்டைக் கீழே வைத்து அந்தக் கையில் இருந்து விலகுவதில்லை. இதற்குக் காரணம் ரம்மி என்பது என் கணிப்பு. 101 பாயிண்ட் ரம்மியில் எடுத்த எடுப்பில் ஸ்கூட் விட்டால் 20 ஏறும், நடுவில் விட்டால் 40. விடுவதே ஒரு தண்டனை. அதனால் மோசமான சீட்டையும் வைத்துக்கொண்டு ஒரு சுற்று பார்ப்போம், ஜோக்கர் வரும் என்று உட்காரும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. போக்கரில் பிளைண்ட் உங்கள் முன்னால் இல்லாதபோது விட்டால் ஒரு பைசா போகாது. இது ரம்மிக்காரர்களுக்குச் சொன்னால் புரியும், ஆனால் கைக்குப் புரிய ரொம்ப நாள் ஆகும். தொடக்கத்தில் நாங்கள் பிளாஸ்டிக் சிப் வாங்குவதற்கு முன் புளியங்கொட்டை வைத்து ஆடினோம், ஒரு கொட்டை ஒரு ரூபாய். கொட்டைதானே என்று எல்லோரும் எல்லாக் கைக்கும் இரண்டு கொட்டையைத் தள்ளிவிடுவோம். ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் அது ரூபாயாக மாறும்.

எங்கள் மேசையில் மணிக்கு ஏறக்குறைய 25 கை ஓடும். நாலு மணி நேரம் என்றால் 100 கை. இந்த 100-ஐ வைத்துக் கணக்குப் போட்டபோது என் பொறுமைக்கு ஒரு அளவு கிடைத்தது. ஏதோ ஒரு ஜோடி கையில் விழுவது 17 கைக்கு ஒரு தடவை, ஆக ராத்திரிக்கு ஆறு ஜோடி. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை, அதாவது இரண்டு சனிக்கிழமைக்கு ஒன்று. ஜோடியை வைத்துக்கொண்டு ஃப்ளாப் பார்த்தால் மூன்றாவது சீட்டும் சேர்ந்து செட் ஆவது எட்டரைக்கு ஒரு தடவை. ஆறு ஜோடிக்கும் ஃப்ளாப் பார்த்தாலும் ராத்திரிக்கு ஒரு செட் நிச்சயம் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஆர்ட்டின் என்பதற்காகவே 9, 4 வைத்து ஆடுவார் எங்கள் பி.டி. மாஸ்டர், அப்படி ஒரே சின்னத்தில் இரண்டு இருந்தால் ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, முடிவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 40 நிமிஷம் ஒரு கைகூட ஆடாமல் உட்கார்ந்திருப்பது எனக்குச் சிரமமாக இல்லை. முன்பெல்லாம் அந்த 40 நிமிஷத்தில் சீட்டு நம்மைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்து எதையாவது எடுத்து ஆடுவேன்.

இப்போது ஐந்து ஆறு கைக்கு ஒன்றுதான் ஆடுகிறேன். பட்டன் பக்கம் வரும்போது கொஞ்சம் கூட, முதலில் பேச வேண்டிய இடத்தில் ரொம்பக் குறைவு. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, போக்கர் முழுக்கப் படைதான். பின்னால் பேசுகிறவனுக்கு முன்னால் உள்ள ஐந்து பேரும் என்ன செய்தார்கள் என்று தெரிந்துவிடுகிறது, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஏஸும் ஒரு சின்னச் சீட்டும், ஏஸ்-4, ஏஸ்-6 போல, முன் இடங்களில் விட்டுவிடுகிறேன். ஏஸ் விழுந்தால் காசு போகிறது, விழாவிட்டால் ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தக் கையின் கதை, ஏனென்றால் எதிரில் ஏஸோடு வருபவனின் கிக்கர், அதாவது ஏஸோடு கூட இருக்கும் சீட்டு, பெரும்பாலும் என்னுடையதைவிடப் பெரிதாக இருக்கும்.

ரெய்ஸ் எவ்வளவு என்பதும் மேசையைப் பார்த்துத்தான். வீடியோவில் பிளைண்டுக்கு இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு என்பார்கள். இங்கே 6 ரூபாய் போட்டால் ஐந்து பேரும் வருவார்கள். ஏஸ் ஜோடி ஒருவனுக்கு எதிராக 100-க்கு 85 தடவை ஜெயிக்கும், எதையாவது வைத்திருக்கும் ஐந்து பேருக்கு எதிராக 49 தடவைதான். ஆறு பேர் காசு நடுவில் இருக்கும்போது 49 என்பது கணக்குப்படி நல்ல லாபம்தான், அதை மறுக்கவில்லை, ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு யாரிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் குருட்டாம்போக்கில் ஆட வேண்டிவரும். நோட்டைப் பார்த்தால் 10 ரூபாய்க்கும் நாலு பேர், 15-க்குத்தான் இரண்டு பேராகக் குறைகிறார்கள். ஆகவே 15. நல்ல கைக்கும் 15, சுமாரான கைக்கும் 15. கைக்குத் தகுந்த மாதிரி தொகையை மாற்றினால் அண்ணாச்சி கண்டுபிடித்துவிடுவார், இரும்பு எடை போட்டே பழகிய கண் அது.

அப்புறம் நடுக்காசுக் கணக்கு. இது ஒன்றும் பெரிய கணிதம் இல்லை. நடுவில் 60 ரூபாய் கிடக்கிறது, எதிராளி 30 போடுகிறார். நான் 30 கொடுத்தால் எல்லாம் சேர்ந்து 120, அதில் என் பங்கு கால்வாசி. ஆக நான் நாலில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் அந்த 30 வீண் இல்லை. ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சின்னத்தில் மிச்சம் 9 சீட்டு, கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே வருவதற்கு 100-க்கு 19. நாலில் ஒன்றுகூட இல்லை. 15 ரூபாய் மட்டும் போட்டிருந்தால் ஆறில் ஒன்று போதும், தாராளமாகக் கால் செய்யலாம். மனதுக்குள் வேகமாகச் செய்ய, எனக்கு உதவும் சீட்டு எத்தனையோ அதை இரண்டால் பெருக்கினால் அடுத்த சீட்டுக்கான சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும், இரண்டு சீட்டும் பார்க்க முடியும் என்றால் நாலால். ஒன்பதை நாலால் பெருக்கினால் 36, சரியான கணக்கு 35.

இதைத் திருப்பிப் போட்டால்தான் பணம். கை நன்றாக இருக்கும்போது அவர்களை இலவசமாகப் பார்க்கவிடக் கூடாது. பார்த்தே ஆக வேண்டும் என்பவரிடம் 60-க்கு 20 போடுவது ஏன்? 60-ஐயும் போடு. ஃப்ளஷுக்குக் காத்திருப்பவனுக்கு அப்போது மூன்றில் ஒன்று வேண்டும், அவனிடம் இருப்பதோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அவன் கால் செய்வான். செய்யட்டும்.

இதை நான் கற்ற ராத்திரி நல்ல ராத்திரி இல்லை. கையில் ஏழு ஜோடி, ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, கிளாவர் 7, ஆர்ட்டின் 2. செட். இதை மறைத்து வைத்து எதிராளியை உள்ளே இழுக்க வேண்டும் என்று செக் செய்தேன், பின்னால் இருந்தவர்களும் செக். டர்னில் ஆர்ட்டின் 5. பி.டி. மாஸ்டர் கையில் அவருடைய வழக்கமான ஆர்ட்டின் இரண்டு. என் 200 அந்தக் கையோடு போனது. ஃப்ளாப்பிலேயே நடுக்காசு முழுவதையும் போட்டிருந்தால் அவர் அப்போதும் வந்திருப்பார் என்பது வேறு, ஆனால் தப்பான விலை கொடுத்து வந்திருப்பார், எனக்கு அதுதான் வேண்டும்.

அன்றைக்கு அத்தோடு எழுந்திருக்க வேண்டும். சூடு ஏறிவிட்டது. இன்னொரு 200, இன்னொரு 200, பக்கத்தில் இருந்தவர்களிடம் கைமாற்று, மணி இரண்டு வரைக்கும் உட்கார்ந்து கண்டதையெல்லாம் ஆடி 1,400 ரூபாய் போனது. சிலிண்டருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம். விடியற்காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வண்ணார்பேட்டை பாலத்தின்மேல் வரும்போது கீழே தாமிரபரணியில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை, மனதில் அந்த ஆர்ட்டின் 5 மட்டும்தான். வீட்டில் சொல்ல மூன்று நாள் ஆனது. சொன்ன பிறகு அடுத்த சனிக்கிழமை நானே எல்லோரிடமும் கேட்டு அந்த விதியைக் கொண்டுவந்தேன்: ஆளுக்கு 400-க்கு மேல் கிடையாது, கைமாற்று கிடையாது, பதினொன்றரைக்குக் கடைசிச் சுற்று. யாரும் மறுக்கவில்லை. நான் இதுவரை வகுத்த உத்திகளில் அதிகப் பணம் காப்பாற்றியது இதுதான், இதில் சீட்டே இல்லை.

அந்தச் சமயம் நான் போனிலும் ஆடிக்கொண்டிருந்தேன். ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியதோடு அது நின்றது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. போனில் கை மடமடவென்று ஓடும், எதிரில் இருப்பவன் முகம் தெரியாது, தோற்றதை அடுத்த நிமிஷமே துரத்தலாம். மொட்டை மாடியில் ஒருவன் சீட்டைக் கலைத்து வெட்டி விநியோகிக்கும் அந்த இடைவெளியிலேயே பாதிச் சூடு இறங்கிவிடும்.

முகம் தெரிவதால் கிடைக்கும் லாபத்தையும் சொல்ல வேண்டும். பேங்க்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எங்களோடு ஆடுகிறான், அதிகம் பேச மாட்டான், ரெய்ஸும் செய்ய மாட்டான், கால் மட்டும்தான். ஆனால் எப்போதாவது ரிவரில் ரெய்ஸ் செய்வான். நோட்டில் அப்படி ஒன்பது தடவை எழுதியிருந்தேன், ஒன்பதிலும் அவனிடம் பெரிய கை. அதில் நாலு தடவை கால் செய்து காசு கொடுத்தவன் நான். பத்தாவது தடவை என் கையில் ஏஸ்-10, மேசையில் ஏஸ், 10, 4, 8, ராணி. இரண்டு ஜோடி. 40 போட்டேன், அவன் 140 ஆக்கினான். முன்பென்றால் யோசிக்காமல் தள்ளியிருப்பேன். சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு ஸ்கூட் என்றேன். அவன் கொஞ்ச நேரம் என் சீட்டையே பார்த்தான், பிறகு தன் கையைத் திருப்பினான். ராஜா, ஜாக்கி. ஏஸ் முதல் 10 வரை வரிசை. "எப்படிண்ணே விட்டிய?" என்று கேட்டான். நோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. மிச்சமான 100 ரூபாய், ஜெயித்த 100 ரூபாயைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நோட்டு ஆரம்பித்த பிறகு ஆடியது 41 சனிக்கிழமை. மொத்தத்தில் லாபத்தில் இருக்கிறேன், ஆனால் தொகையை வைத்து நான் நன்றாக ஆடுகிறேன் என்று சொல்ல மாட்டேன். 41 ராத்திரி என்பது நாலாயிரம் கைதான், சீட்டு நன்றாக விழுந்தாலே அவ்வளவு வந்துவிடும். எதைச் சரியாகச் செய்தேன் என்பதைத்தான் பார்க்கிறேன்: விட வேண்டிய இடத்தில் விட்டேனா, போட வேண்டிய இடத்தில் முழுசாகப் போட்டேனா. தோற்ற ராத்திரியிலும் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தால் நிம்மதியாக உறங்குகிறேன்.

போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. கையில் ஒன்பது ஜோடி, ஃப்ளாப்பில் ராஜா, 9, 4. செட். 45 ரூபாய் நடுவில் கிடந்தது, 45-ஐயும் போட்டேன். இன்னொருவர் விட்டார். அண்ணாச்சி வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார். நான் டர்னுக்கு எவ்வளவு போடுவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவர் ராஜாவைத் திருப்பிக் காட்டி, டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உன்கிட்ட இருக்கும்லா தம்பி, நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார்.

ராஜா ஜோடியை விட்டுவிட்டார். ஒரு வருஷமாக ஒன்றும் இல்லாமல் நான் போட்டதே இல்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. நோட்டு இல்லாமலேயே.

அன்று ராத்திரி புதுப் பக்கம் எடுத்து எழுதினேன். அண்ணாச்சி மட்டும் எதிரில் இருக்கும்போது, நான் ரெய்ஸ் செய்த கையில், ஃப்ளாப்பில் மூன்றும் மூன்று சின்னமாக ஒட்டாமல் விழுந்தால், கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் நடுக்காசில் பாதி போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை, ஃப்ளாப்பில் மட்டும். மூன்றில் ஒரு முறை அவர் விட்டாலே போட்ட காசு திரும்பிவிடும். அவர் கால் செய்தால் டர்னில் செக், அத்தோடு சரி. எத்தனை தடவை விடுகிறார் என்று எழுத பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.